மரத்தரைப் பலகைய கீழ் கட்டையோட பிடிக்க ஆணியா, ஸ்க்ரூவா, பசையா?

குன்னூர்ல தாத்தா காலத்து வீடு, ஹால் 12க்கு 16 அடி, 6 இன்ச் அகலத் தேக்குப் பலகை போட்ட தரை, நடந்தா கிர்ரு கிர்ருன்னு சத்தம், ஜன்னலோரம் ஒரு 4 அடி அகலத்துக்கு பலகை இத்துப்போய் கிடக்கு. ஒரு ஆசாரி பழையபடி ஆணி அடிச்சா போதும்ங்கிறார், இன்னொருத்தர் பூராவும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிடலாம்ங்கிறார், இன்டீரியர் பண்றவர் பசை ஊத்தி ஒட்டிட்டா ஆயுசுக்கும் சத்தம் வராதுங்கிறார், இதுல யார் பேச்ச கேக்குறது, எந்த மாசம் வேலைய வெச்சுக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. நீலகிரில பழைய பங்களா தரை வேலை நிறைய பாத்தவன்ங்கிற முறைல எனக்குத் தெரிஞ்சத முழுசா எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுமையா படிங்க.

அவசரத்துக்கு பதில் வேணும்னா இதான்: நல்லா இருக்கிற பழைய அகலப் பலகைக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ, தலைய உள்ள இறக்கி மேல மர பிளக், அதாவது குழிய மூடற சின்ன மரத் துண்டு. ஜன்னலோரம் புதுசா போடறதுக்கு 4 இன்ச் அகலத்துல நாக்கும் காடியும் எடுத்த பலகை (ஒரு ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற நாக்கு பக்கத்துப் பலகையோட பள்ளத்துல, அதாவது காடில, உக்காரும்), அதுக்கு நாக்குல சாய்வா, வெளிய தெரியாத மறைவாணி. பலகைய கீழேர்ந்து தாங்குற கட்டைக்கும் பலகைக்கும் நடுவுல பசை எங்கயும் வேண்டாம். ஆனா இத மட்டும் ஆசாரிகிட்ட சொல்லி வேலைய ஆரம்பிச்சிடாதீங்க, ஏன்னா ஸ்க்ரூ போடறதுலயே தப்பா போட்டா ஆணியவிட மோசமா முடியும், அத நானே ஒரு தடவை செஞ்சு பாத்திருக்கேன், கீழ சொல்றேன்.

முதல்ல மரம் என்ன பண்ணுதுன்னு புரியணும். அறுத்து இழைச்சு தரைல போட்டாலும் மரம் காத்துல இருக்கிற ஈரத்த வாங்கும், விடும், நிக்கவே நிக்காது. காத்துல ஈரப்பதம் 80% இருந்தா மரத்துக்குள்ள ஈரம் கிட்டத்தட்ட 16%ல போய் நிக்கும், 70%ன்னா 13%, 40%க்கு இறங்கினா 8% கிட்ட வந்துடும். குன்னூர எடுத்துக்கோங்க, ஜூன் ஜூலைல தென்மேற்கு கொஞ்சம் நனைக்கும், அக்டோபர் நவம்பர்ல வடகிழக்குதான் அங்க கொட்டித் தீக்கும், அப்புறம் ஜனவரி பிப்ரவரில காத்து சருகு மாதிரி காஞ்சுபோகும், போதாததுக்கு நாம வேற கணப்புல விறகப் போட்டு எரிப்போம். அப்ப வருஷத்துக்கு ஒரு 4% ஈரம் ஏறி இறங்குறது சர்வ சாதாரணம். அந்த 4%க்கு 6 இன்ச் தேக்குப் பலகை ஒண்ணு அகலவாக்குல 1 மில்லி கிட்ட விரியும், சுருங்கும். ஒரு மில்லிதானேன்னு தோணும், 12 அடி அகலத்துக்கு 24 பலகை கணக்குப் போடுங்க, ஒரு இன்ச் வந்துடுது. நீளவாக்குல கிட்டத்தட்ட ஒண்ணுமே அசையாது, எல்லாம் அகலத்துலதான்.

இதுல தேக்கு எவ்வளவோ தேவலை, மத்த மரம் இன்னும் ஜாஸ்தி ஆடும். பலகை முனைல தெரியற மரத்தோட ஆண்டு வளையத்தப் பாருங்க, வளையம் பலகைக்கு செங்குத்தா நிக்கிற மாதிரி அறுத்த பலகைன்னா அசைவு பாதிதான், வளையம் படுத்த மாதிரி வில்லாட்டம் இருந்தா முழு அசைவும் இருக்கும், ஓரம் தூக்கிக்கவும் செய்யும். ரெண்டையும் கலந்து வெச்சிருப்பாங்க, புதுசு வாங்கும்போது செங்குத்து வளையமா பொறுக்கி எடுங்க, மர டிப்போக்காரர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும்.

அதனால பலகைய கட்டையோட பிடிக்கிற எதுவா இருந்தாலும் அதுகிட்ட ரெண்டு வேலை கேக்கணும், மேல கீழ எழும்ப விடக்கூடாது, பக்கவாட்டுல அசைய விடணும். ஆணியா ஸ்க்ரூவாங்கிறது அதுக்கு அப்புறம்தான் வருது.

இப்ப சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கலாம். பலகை ஈரமா இருக்கும்போது தடிச்சு ஆணித் தலைய மேல தள்ளும், காயும்போது பலகை மெலிஞ்சு கீழ போகும், ஆணி அங்கயே நின்னுடும். இப்படி பத்து இருபது மழைக்காலம் போச்சுன்னா ஆணித் தலைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு நகக்கண் அளவு இடைவெளி விழுந்துடும். நீங்க கால் வெச்சதும் பலகை ஆணிக் கம்பிய உரசிக்கிட்டே இறங்கும், கால எடுத்ததும் உரசிக்கிட்டே ஏறும், அந்த உரசல்தான் கிர்ரு. இன்னொரு வகை ரெண்டு பலகையோட ஓரம் ஒண்ணோடொண்ணு தேயற சத்தம், அது கொஞ்சம் மெலிசா, கீச்சுன்னு இருக்கும், டால்கம் பவுடர இடுக்குல தூவினா கொஞ்ச நாள் அடங்கும். சத்தமே இல்லாம தரை குதிச்சா, மேசை மேல டம்ளர் நடுங்குச்சுன்னா, அது பலகை பிரச்சனையே இல்ல, கீழ இருக்கிற கட்டை தளர்ந்திருக்கு, அதுக்கு மேலேர்ந்து எத்தன ஸ்க்ரூ போட்டாலும் தண்டம்.

அதனால ஆள் ஒருத்தர நடக்கவிட்டு நீங்க காது குடுத்து கேட்டு சத்தம் வர்ற இடத்துல எல்லாம் சாக்பீஸ்ல குறி போடுங்க. அப்புறம் ஜன்னலோரம் இத்துப்போன பலகைய எப்படியும் எடுக்கணும் இல்ல, அத எடுத்துட்டு டார்ச்சோட கீழ தலைய விட்டு பாருங்க. பழைய பங்களால தரைக்கு கீழ ஒண்ணரை ரெண்டு அடி வெற்றிடம் இருக்கும், நடுவுல சின்னதா கல்லுச் சுவர் கட்டி அது மேல கட்டை உக்காந்திருக்கும், வெளிச் சுவர்ல அடில காத்து போக ஓட்டை வெச்சிருப்பாங்க, இரும்பு ஜாலி இருக்கும். அந்த ஓட்டைய யாரோ ஒருத்தர் எலி வருது குளிர் வருதுன்னு சிமெண்ட் வெச்சு அடைச்சிருப்பாங்க, இல்லன்னா வெளிய பூச்செடிக்கு மண்ணக் கொட்டி மூடியிருப்பாங்க. ஜன்னலோரம் மட்டும் இத்துப்போச்சுன்னா எனக்கு முதல் சந்தேகம் அங்கதான். மரத்துல ஈரம் 20% தாண்டி நின்னுச்சுன்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுடும், அப்புறம் தேக்குல வெளிப்பக்க வெள்ளைப் பகுதியா இருந்தா சீக்கிரம், சேகா (உள்பக்க கெட்டி மரம்) இருந்தா கொஞ்சம் லேட்டா, ஆனா போகும். ஓட்டைய திறக்காம புதுப் பலகை போட்டீங்கன்னா அதுவும் இதே கதிதான்.

கட்டைய சோதிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம், திருப்புளிய எடுத்து கட்டை சுவருக்குள்ள போற இடத்துல, அதாவது முனைல, அழுத்திக் குத்திப் பாருங்க. முனை மேல்தோல்லயே நின்னா நல்ல கட்டை. கால் இன்ச்சுக்கு மேல சுலபமா இறங்குச்சுன்னா, இல்ல சொதசொதன்னு ஈரமா வந்துச்சுன்னா, அந்த இடத்த வெட்டிட்டு பக்கத்துல புதுக் கட்டை சேத்து போல்ட் போட்டுட்டுதான் மேல் வேலை. சின்னச் சின்ன ஓட்டையும் அதுக்கு கீழ மாவு மாதிரி தூளும் இருந்தா வண்டு, மண் குழாய் ஏறியிருந்தா கரையான், ரெண்டுக்கும் மருந்து அடிச்சு முடிச்சிட்டு வாங்க. இந்தப் பரிசோதனைக்கு அரை நாள் ஆகும், இத செய்யாம ஆணியா ஸ்க்ரூவான்னு பேசிக்கிட்டு இருக்கிறது வேஸ்ட்.

சரி, ஆணி. உங்க வீட்டு பழைய ஆணி ஒண்ண பிடுங்கி கைல வெச்சுப் பாருங்க. உருண்டையா இல்லாம தட்டையா, நாலு பக்கம் இருக்கிற மாதிரி, முனை கூரா இல்லாம மொட்டையா இருந்துச்சுன்னா அது தகட்டுலேர்ந்து வெட்டி எடுத்த ஆணி. இப்ப நாம வாங்குற கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டோட கடைசிலதான் பரவலாச்சு, அதுக்கு முந்தி பெரும்பாலும் இதுதான். அந்த மொட்டை முனைக்கு ஒரு காரணம் இருக்கு. கூர் முனை மர நாரை ரெண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிக்கிட்டு ஆப்பு மாதிரி இறங்கும், ஓரத்துல அடிச்சா பலகை பிளந்துடும். மொட்டை முனை நாரை முறிச்சு கீழ மடக்கிக்கிட்டே போகும், மடங்குன நார் எல்லாம் ஆணிய நோக்கி கீழ்ப்பக்கமா சாஞ்சு நிக்கும், பின்னாடி இழுத்தா அதுவே முள் மாதிரி பிடிச்சுக்கும். அதான் 100 வருஷம் தாண்டியும் சில பலகை இன்னும் அசையாம இருக்கு. அத அடிக்கும்போது தட்டையான அகலப் பக்கம் மர ரேகையோட போற மாதிரி வெச்சுதான் அடிக்கணும், திருப்பி வெச்சா அதுவும் பிளக்கும். நம்ம ஊர் ஹார்டுவேர் கடைல இது இப்ப கிடைக்கிறது கஷ்டம். கம்பி ஆணிதான்னா, அடிக்கிறதுக்கு முன்னாடி ஆணிய தலைகீழா கல்லு மேல வெச்சு முனைய சுத்தியலால ஒரு தட்டு தட்டி மொட்டையாக்கிடுங்க, பழைய ஆசாரிங்க எல்லாம் பேசிக்கிட்டே அனிச்சையா இத செய்வாங்க, பிளவு பெருமளவு குறையும்.

ஆணியோட நீளம் பலகை தடிமனப் போல ரெண்டரை மடங்கு இருக்கணும், 6 நூல் (ஒரு நூல்னா அரைக்கால் இன்ச்) பலகைன்னா 2 இன்ச் கிட்ட வேணும், 7 நூல்னா 2¼லேர்ந்து 2½. காஞ்ச தேக்குக் கட்டைல நேரா அடிச்சா ஆணி வளையும், முன்னாடியே சன்னமா டிரில் போட்டுக்கோங்க. சாதா வழவழ ஆணியவிட உடம்புல வளைய வளையமா வரி இருக்கிற ஆணி நல்லாவே கூடுதலா பிடிக்கும், ஆனா அத திரும்ப எடுக்கணும்னா பலகை போயிடும், இத ஞாபகம் வெச்சுக்கோங்க. ஈரக் கட்டைல ஆணி அடிக்கவே அடிக்காதீங்க, அடிக்கும்போது ஜம்முனு இறங்கும், கட்டை காஞ்சதும் பிடி பாதிக்கு மேல போயிடும்.

ஸ்க்ரூவுக்கு வரேன். ஸ்க்ரூ பலகைய கீழ இழுத்து கட்டையோட அணைச்சுப் பிடிக்கும், வேணும்னா நாளைக்கே கழட்டலாம், சுத்தியல் அதிர்ச்சில பக்கத்து ஆணி தளராது, கீழ பழைய சீலிங் இருந்தா உதிராது. பழைய பலகைக்கு இதுதான் சரின்னு நான் சொல்றதுக்கு காரணம் இதெல்லாம். ஆனா பத்துல எட்டு பேர் ஒரே தப்ப பண்றாங்க, டிரில் மெஷின்ல பிட் மாட்டி பலகை மேல நேரா ஸ்க்ரூவ வெச்சு விர்ர்னு ஓட்டிடறாங்க. அப்ப என்ன ஆகுதுன்னா ஸ்க்ரூவோட மரை பலகையையும் பிடிக்குது, கட்டையையும் பிடிக்குது. நடுவுல நூலளவு இடைவெளி இருந்தா அந்த இடைவெளி அப்படியே பூட்டிக்கும், நீங்க எவ்வளவு முடுக்கினாலும் பலகை கீழ வராது, ஸ்க்ரூதான் சுத்தும். சத்தம் போகல, ஸ்க்ரூவே வேஸ்ட்னு சொல்லுவாங்க. பலகைல மரை பிடிக்கவே கூடாது, பலகைல போடற ஓட்டை ஸ்க்ரூ லூசா உள்ள போயிட்டு வர்ற அளவு இருக்கணும், மரை கட்டைய மட்டும்தான் கடிக்கணும்.

அளவா சொல்றேன். உங்க பலகை தேஞ்சு 7 நூல் இருக்கும்னு வெச்சுக்குவோம். 8ஆம் நம்பர் 2 இன்ச் எஸ்எஸ் ஸ்க்ரூ எடுங்க. முதல்ல 10 மிமீ பிட்ல 8 மில்லி ஆழத்துக்கு தலை உக்கார குழி. அதே நடுவுல பலகைய ஊடுருவி 5 மிமீ ஓட்டை, கட்டைல தொட்டதும் நிறுத்திடணும், பிட்ல இன்சுலேஷன் டேப் சுத்தி குறி வெச்சுக்கோங்க. அப்புறம் கட்டைல 3 மிமீ பிட்ல ஒண்ணேகால் இன்ச் ஆழம். இதுக்கு அப்புறம் ஸ்க்ரூவ மெழுகுவர்த்தில தேச்சு கையாலயோ டிரில்ல குறைஞ்ச ஸ்பீடுலயோ முடுக்குங்க. சோப் தேய்க்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, சோப் ஈரத்த இழுத்து துருப்பிடிக்க வைக்கும், மெழுகே போதும். பலகை கட்டைய தொட்டு நின்னதும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல ஒரு சுத்து கூட வேண்டாம்.

ஜிப்சம் போர்டுக்கு போடற கருப்பு ஸ்க்ரூவ யாராவது கொண்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க. அது கெட்டியா இருக்கும் ஆனா வளையாது, பலகை பக்கவாட்டுல ரெண்டு மழை தள்ளினா தலை டக்குனு முறிஞ்சு போகும், மேலேர்ந்து பாத்தா தெரியவே தெரியாது. பித்தளை ஸ்க்ரூ அழகுக்குன்னு கேட்டா போடலாம், ஆனா மெத்துன்னு இருக்கும், முடுக்கும்போதே முறியும், அதனால முதல்ல அதே அளவு ஸ்டீல் ஸ்க்ரூவ போட்டு மரைய உருவாக்கி எடுத்துட்டு அப்புறம் பித்தளைய போடணும். சாதா இரும்பு ஸ்க்ரூ ஈரமான மலைக்காத்துல துரு ஏறும், சுத்தி மரம் கருத்துடும், வேங்கை மாதிரி சாயம் உள்ள மரம்னா கருப்பு இன்னும் சீக்கிரம் ஏறும். அதான் எஸ்எஸ்ங்கிறேன், விலை கூடத்தான், ஆனா கணக்குப் போட்டு பாருங்க, கட்டை 16 இன்ச்சுக்கு ஒண்ணுன்னா 16 அடிக்கு 13 கட்டை, நல்லா இருக்கிற 16 பலகைக்கு கட்டைக்கு ரெண்டு வீதம் 416 ஸ்க்ரூ, ஒரு தடவை செலவு.

எங்க போடறதுங்கிறதுதான் நான் அடிபட்டு கத்துக்கிட்டது. ரொம்ப வருஷம் முன்னாடி கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டுல ஜூலை மாசம் 8 இன்ச் பலகை போட்டோம், வெளிய தூறிக்கிட்டே இருக்கு, பலகைய இறக்கின மறுநாளே வேலை ஆரம்பிச்சிட்டோம், ரெண்டு ஓரத்துலயும் அரை இன்ச் உள்ள தள்ளி, ஓட்டை கரெக்டா ஸ்க்ரூ அளவுக்கே போட்டு, பல்லக் கடிச்சு இறுக்கினேன். தரை கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஜனவரில அந்த வீட்டம்மா ராத்திரி போன் பண்ணாங்க, தரைலேர்ந்து பட்டாசு மாதிரி சத்தம் வருதுன்னு. காலைல போய் பாத்தா கணப்புக்கு பக்கத்துல மூணு பலகை நட்ட நடுவுல நீளத்துக்கு பிளந்திருக்கு. பலகை சுருங்கணும்னு இழுக்குது, ரெண்டு ஓரத்துலயும் ஸ்க்ரூ விடமாட்டேங்குது, அது வேற எங்க போகும், நடுவுல கிழியத்தான் செய்யும். அந்த மூணு பலகையையும் என் செலவுலதான் மாத்திக் குடுத்தேன், மத்ததையும் கழட்டி ஓட்டைய பெருசு பண்ணி மறுபடி போட்டேன்.

அதனால உங்க 6 இன்ச் பலகைக்கு ஓரத்துலேர்ந்து ஒண்ணரை இன்ச் உள்ள தள்ளி ரெண்டு ஸ்க்ரூ, நடுவுல 3 இன்ச் இடைவெளி வரும். ஓரத்துக்கு ரொம்ப கிட்ட போனா பிளக்கும், ரெண்டையும் நடுவுலயே போட்டா ஓரம் தூக்கிக்கும். 8 இன்ச்சும் அதுக்கு மேலயும்னா ஒரு ஓட்டைய வட்டமாவும் இன்னொண்ண அகலவாக்குல நீளமாவும் இழைச்சு விடணும், அப்ப ஒரு பக்கம் நிக்கும், இன்னொரு பக்கம் அசைஞ்சுக்கும். சுவரோரம் சுத்தி அரை இன்ச் சந்து விடுங்க, ஸ்கர்டிங் (சுவரோட அடில ஓடற பட்டை) அத மூடிடும், ஸ்கர்டிங்க சுவர்ல அடிக்கணும், தரைல அடிக்கக்கூடாது.

பழைய ஆணி ஓட்டைலயே ஸ்க்ரூ போடாதீங்க, பிடிக்காது. ஆணி மேல வந்துச்சுன்னா பிடுங்கிட்டு கட்டைல இருக்கிற ஓட்டைக்கு மூங்கில் சிராய சீவி ஒரு சொட்டு ஃபெவிகால் தொட்டு அடிச்சு அடைச்சிட்டு, அரை இன்ச் தள்ளி புது ஓட்டை போடுங்க. பிடுங்க வராத ஆணிய பஞ்ச் (ஆணித் தலைய உள்ள தள்ளுற இரும்புக் குச்சி) வெச்சு கீழ இறக்கிடலாம், அது அங்கயே கிடக்கட்டும். டிரில் போடறதுக்கு முன்னாடி கீழ கரண்ட் பைப்போ கீசர் பைப்போ போகுதான்னு பாத்துடுங்க, சில வீட்டுல பின்னாடி வந்தவங்க கட்டைல காடி வெட்டி பலகைக்கு நேர் கீழயே பைப் விட்டிருக்காங்க, அந்த இடத்துல சாக்பீஸ்ல பெருசா பெருக்கல் குறி போட்டுட்டு தள்ளிப் போடுங்க.

பிளக்குக்கு கடைல மரம் வாங்காதீங்க. ஜன்னலோரம் எடுத்த இத்துப்போன பலகைல நல்ல முனை எப்படியும் ஒண்ணு ரெண்டு அடி தேறும், அதுலேர்ந்து பிளக் கட்டர்ல 10 மிமீ பிளக் வெட்டிக்கோங்க, அதே வயசு, அதே கலர். ரேகை பலகை ரேகையோட ஒரே திசைல இருக்கிற மாதிரி திருப்பி வெச்சு, பக்கத்துல மட்டும் துளி பசை தொட்டு, கொட்டாப்புளியால மெதுவா தட்டி இறக்குங்க. ஒரு நாள் விட்டு, கூர்மையான உளியால முதல்ல பாதி உயரத்துல சீவிப் பாருங்க, ரேகை எந்தப் பக்கம் இறங்குதுன்னு தெரிஞ்சதும் எதிர்ப்பக்கத்துலேர்ந்து சீவுங்க, இல்லன்னா பிளக் தரை மட்டத்துக்கு கீழ பேந்து போயிடும்.

பசை விஷயத்துல இன்டீரியர்காரர் சொல்றது முழுப் பொய்யில்ல, பிளைவுட் மாதிரி அடுக்கடுக்கா ஒட்டின இன்ஜினியர்டு பலகைக்கு ரப்பர் மாதிரி இழுபடற பியூ (பாலியூரித்தேன்) பசை நல்லாவே வேலை செய்யும், ஏன்னா அந்தப் பலகை ஆடறதே கம்மி. முழு மரத்துல அந்தக் கதை வேற. தேக்குல எண்ணெய் இருக்கு, இழைச்ச உடனே அசிட்டோன் போட்டு துடைச்சாலொழிய பசை சரியா ஒட்டாது, 100 வருஷ அழுக்கேறின கட்டை மேல ஒட்டவே ஒட்டாது. அப்படியே ஒட்டிச்சுன்னு வைங்க, வெள்ளை ஃபெவிகால் காஞ்சா விறைப்பு, பலகை அசையணும்னு நினைக்கிறப்ப விடாது, கோத்தகிரில ஆனதுதான் இங்கயும் ஆகும். எல்லாத்தையும்விட, நாளைக்கு ஒரு பைப் ஒழுகினா, ஒரு ஒயர் கருகினா, பலகைய உடைக்காம எடுக்க முடியாது. உங்க தாத்தா வீட்டுத் தேக்கு மாதிரி மரம் இன்னிக்கு காசு குடுத்தாலும் சுலபத்துல வராது, அத ஒட்டிக் கெடுக்காதீங்க. மேல லேமினேட் போட்டு மூடறதும் அதே மாதிரிதான், கீழ ஈரம் காய வழியில்லாம போயிடும்.

இனி ஜன்னலோரம் புதுசு. 4 அடிக்கு 4 இன்ச் பலகை 12 வரும். ஏன் 4 இன்ச்னா, மறைவாணி கட்டைக்கு ஒண்ணுதான் விழும், ஒரு ஓரத்துல மட்டும், இன்னொரு ஓரத்த பக்கத்துப் பலகையோட நாக்கு பிடிச்சுக்கும். 5 இன்ச்ச தாண்டினா அந்த ஒரு பிடி பத்தாது, பலகை நடுவுல வளையும், அப்புறம் மேலேர்ந்தும் அடிக்கணும். பழைய பலகையோட பொருந்த 6 இன்ச்தான் வேணும்னு வீட்டுல சொன்னா அதுவும் நியாயம்தான், அப்ப அங்கயும் மேல சொன்ன ஸ்க்ரூவும் பிளக்கும்தான், மறைவாணிய நம்பாதீங்க.

மறைவாணி போடறப்ப நாக்கு உடம்போட சேர்ற மூலைல, 45 டிகிரி சாய்வுல, முதல்ல சன்ன ஓட்டை போட்டு, 2 இன்ச் சின்னத் தலை ஆணி இல்ல சின்னத் தலை ஸ்க்ரூ. கடைசி ஒரு நூல் வரைக்கும் சுத்தியல், அதுக்கு அப்புறம் பஞ்ச், தலை மரத்துக்குள்ள முழுசா முங்கணும், துளி வெளிய நின்னாலும் அடுத்த பலகையோட காடி உக்காராது. நாக்குல சுத்தியல் பட்டு நசுங்கிச்சுன்னாலும் அதே கதைதான், அதனால அவசரப்படாத ஆளா வெச்சுக்கோங்க. முதல் பலகையும் கடைசிப் பலகையும் மேலேர்ந்துதான் பிடிக்க முடியும், அங்க பிளக்.

பலகை முனையும் முனையும் சேர்ற இடம் கட்டை மேலதான் வரணும், ஆனா கட்டை 2 இன்ச் அகலம்னா ஆளுக்கு ஒரு இன்ச்தான் கிடைக்கும், ஸ்க்ரூ முனைக்கு அரை இன்ச்ல விழும், பிளக்காம இருக்கவே இருக்காது. கட்டையோட பக்கத்துல 2க்கு 2 இன்ச் ரீப்பர் (மரச் சட்டம்) ஒண்ண ஸ்க்ரூ போட்டு சேத்துக்கோங்க, அப்ப முனைலேர்ந்து ஒண்ணரை இன்ச் தள்ளிப் போட இடம் கிடைக்கும். கட்டைக்கும் பலகைக்கும் நடுவுல இடைவெளி தெரியுதுன்னா மெலிசா ஆப்பு சீவி கையால தள்ளி நிறுத்துங்க, சுத்தியலால அடிச்சு ஏத்தினா பலகை எழும்பி புதுசா ஒரு சத்தம் பிறக்கும்.

எந்த மாசம்னு கேட்டிருந்தீங்க. பலகைய வாங்கி அந்த ஹால்லயே, நடுவுல ரீப்பர் வெச்சு காத்து போற மாதிரி அடுக்கி, மூணு வாரமாவது விடுங்க. ஈரம் பாக்கிற மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, ரெண்டு முள் குத்திப் பாக்கிற வகை, அத பழைய பலகைல ஒரு குத்து, புதுப் பலகைல ஒரு குத்து, வித்தியாசம் 2%க்குள்ள வந்தா வேலைய ஆரம்பிக்கலாம். நான் மார்ச் ஏப்ரல சொல்லுவேன், ரொம்ப காஞ்சும் இல்ல ரொம்ப ஈரமும் இல்ல. பிப்ரவரிலதான் ஆள் கிடைச்சாங்கன்னா 4 இன்ச் பலகைக்கு பலகை ஒரு ஏடிஎம் கார்டு செருகுற அளவு சந்து விட்டு போடுங்க, மழைல விரிஞ்சு அது தானா மூடிக்கும். மழைக்காலத்துலதான் போட்டாகணும்னா சந்தே விடாம நெருக்கிப் போடுங்க, தை மாசத்துல தானா சந்து விழும். நல்ல வெயில் காலத்துல சந்தில்லாம அடிச்சு நெருக்கி, அக்டோபர்ல தரை நடுவுல கூடாரம் மாதிரி எழும்பி நிக்கிறத ரெண்டு வீட்டுல பாத்திருக்கேன், ஸ்க்ரூவெல்லாம் கட்டைலேர்ந்து பிடுங்கிட்டு வந்திருந்துச்சு.

இன்னும் ஒண்ணு, ஜன்னலோரம் கடைசிப் பலகைல ரெண்டடி நீளத்துக்கு ஒரு துண்ட தனியா வெட்டி, அதுக்கு மட்டும் பிளக் வெக்காம பித்தளை வாஷர் போட்டு ஸ்க்ரூ தெரியற மாதிரியே விட்டுடுங்க, அதுக்கு நாக்கும் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர்ல மழை விட்டதும் அந்தத் துண்ட கழட்டி, டார்ச் அடிச்சு, கட்டை முனைல திருப்புளிய ஒரு குத்து குத்தி, வென்ட் ஓட்டைல வெளிச்சம் தெரியுதான்னு பாத்துட்டு மூடிடலாம், பத்து நிமிஷ வேலை.